கல்லங்குறிச்சிக் களஞ்சியம் சொல்லும் வரலாறு

அறுவடை முடிந்த காலத்தில் அரியலூர்ப் பக்கம் போகும் வாய்ப்பு உங்களுக்குக் கிடைத்தால், நகரை அடுத்துள்ள கல்லங்குறிச்சிக்கும் ஒரு நடை போய் வாருங்கள். அங்கே கலியுக வரதராசப் பெருமாள் கோயில் இருக்கிறது. கருவறையில் நீங்கள் எதிர்பார்க்கும் திருமேனி கிடையாது. ஓங்கி நிற்கும் ஒரு கல் கம்பமே அங்கு பெருமாள். காணாமற்போன சினைப்பசு ஒன்று, காட்டில் விழுந்து கிடந்த இந்தக் கம்பத்தின் அருகே கன்றோடு நின்றதாம். மாட்டைத் தேடிச் சென்ற குடியானவர் கம்பத்தைக் கண்டு நிமிர்த்தி வழிபட்டாராம். ஊரார் சொல்லும் கதை இது.

அந்தக் கோயிலுக்கு வருகிறவர்களின் கைகளைப் பாருங்கள். தேங்காய் பழத் தட்டோடு வருபவர் பலர். நெல்லும் கம்பும் சோளமும் வரகும் மூட்டையாகவோ மடியிலோ கொண்டு வருபவரும் பலர். விளைந்ததில் ஒரு பங்கைக் கொண்டுவந்து கோயில் களஞ்சியத்தில் கொட்டுவது இந்தப் பக்கத்து உழவர்களின் நேர்த்திக்கடன். சிலர் ஆடு மாடுகளையே காணிக்கையாக விட்டுச் செல்கிறார்கள்.

கடவுளுக்கு எதற்குத் தானியம்? அவருக்குப் பசிக்குமா? சிறுவர்கள் கேட்கும் இந்தக் கேள்வி எளிமையானதுதான். ஆனால் இதற்கு விடை தேடிப் புறப்பட்டால் எகிப்துக்கும் ஒரிசாவுக்கும், வடலூருக்கும் வடதுருவத்துக்கும் போய்வர வேண்டியிருக்கிறது. வாருங்கள், போய் வருவோம்.

குதிருக்குள் நடப்பது என்ன?

முதலில் தானியத்தையே பார்ப்போம். நெல்மணியை உயிரற்ற பொருள் என்று நாம் எண்ணிவிடுகிறோம். உண்மையில் அது உறங்கும் உயிர். நம்மைப் போலவே அதுவும் மூச்சு விடுகிறது. உயிர்வளியை எடுத்துக்கொண்டு கரியமில வாயுவையும் சிறிது ஈரத்தையும் வெப்பத்தையும் வெளியிடுகிறது. உலர்ந்த மணியில் இந்த மூச்சு மிக மெதுவாக நடக்கும். ஈரம் கூடினால் மூச்சும் விரைவுபடும், குவியல் சூடேறும், பூஞ்சணம் பூக்கும், வண்டும் அந்துப்பூச்சியும் பெருகும். ஆகவே தானியத்தைக் காப்பது என்றால் முதலில் ஈரத்தை விரட்டுவது என்றே பொருள்.

நம் பெரியவர்கள் களத்திலே காய்ந்த நெல்லில் ஒரு மணியை எடுத்துப் பல்லிடுக்கில் வைத்துக் கடித்துப் பார்ப்பார்கள். ‘கடுக்’கென்று உடைந்தால் குதிருக்குப் போகலாம், நசுங்கினால் இன்னும் ஒரு வெயில் காய வேண்டும். இன்றைய ஈரமானி காட்டும் அளவையே அவர்கள் பல்லால் அளந்தார்கள். நூற்றுக்குச் சுமார் 14 பங்குக்குக் கீழே ஈரம் இறங்கினால்தான் நெல் பாதுகாப்பாக இருக்கும் என்கிறது இன்றைய அறிவியல்.

விதையைக் காப்பதற்கு ஒரு கணக்கு உண்டு. விதையின் ஈரம் நூற்றுக்கு 1 பங்கு குறைந்தால் அதன் ஆயுள் இரட்டிக்கும். வைத்திருக்கும் இடத்தின் வெப்பம் 5 பாகை குறைந்தாலும் ஆயுள் இரட்டிக்கும். இது துல்லியமான விதியன்று, தோராயமான கணக்குதான். ஆனாலும் 13 பங்கு ஈரத்தில் ஓராண்டு உயிரோடிருக்கும் விதை, 10 பங்கு ஈரத்தில் ஏறக்குறைய எட்டாண்டு இருக்கும் என்று இதிலிருந்து தெரிகிறதல்லவா? மூன்று பங்கு ஈரத்தை வெயிலில் போக்கியதற்கு ஏழாண்டு கூலி!

புன்செய் நாட்டில் தானியக்குழி என்றொரு முறையும் இருந்தது. மேட்டு நிலத்தில் குழி தோண்டி, வைக்கோல் பரப்பி, சோளத்தையோ கம்பையோ கொட்டி, மேலே மண் போட்டு மூடிவிடுவார்கள். மூடிய குழிக்குள் தானியமும் பூச்சிகளும் மூச்சுவிட்டு, உள்ளிருந்த உயிர்வளி தீர்ந்து போகும். பூச்சிகள் மடியும், தானியம் நிற்கும். குழியைத் திறந்தவுடன் யாரும் உள்ளே இறங்க மாட்டார்கள். எரியும் விளக்கை இறக்கிப் பார்த்து, அது அணையாதிருந்தால்தான் ஆள் இறங்குவது வழக்கம். காற்றைப் பற்றிய வேதியியல் பாடம் பள்ளிக்கு வருவதற்கு முன்னரே காட்டில் நடந்துவந்தது.

தானியங்களிலே வரகு ஒரு தனிப் பிறவி. அதன் உமி மிகக் கடினமானது. பூச்சி எளிதில் துளைக்க முடியாது. நன்கு காய்ந்த வரகு பல ஆண்டுகள் கெடாமல் கிடக்கும். கோயில் கலசங்களில் குடமுழுக்கின்போது தானியங்களை, சிறப்பாக வரகை, இட்டு வைக்கும் வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். இடியைத் தாங்கும் ஆற்றல் வரகுக்கு உண்டு என்று சிலர் சொல்வதற்கு அறிவியல் சான்று இல்லை. ஆனால் நெடுநாள் நிற்கும் தானியம் எது என்பதை நம் முன்னோர் சரியாகக் கண்டுகொண்டனர் என்பதில் ஐயமில்லை. இந்தியாவின் முயற்சியால் 2023-ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் அவை சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. பெரம்பலூர், அரியலூர் மண்ணில் வானம் பார்த்து வளர்ந்த வரகுக்கு உலகம் அளித்த மரியாதை என்று அதைக் கொள்ளலாம்.

எல்லாச் சமயங்களிலும் ஒரு குதிர்

பஞ்சம் எந்தச் சமயத்தையும் விட்டு வைத்ததில்லை. அதனால்தான் எந்தச் சமயமும் தானியத்தைப் பற்றிப் பேசாமல் விட்டதில்லை.

எகிப்திய மன்னன் கண்ட கனவுக்கு யோசேப்பு பொருள் சொன்ன கதை விவிலியத்தில் இருக்கிறது. ஏழாண்டு நல்ல விளைச்சல், அதன்பின் ஏழாண்டு பஞ்சம். நல்ல ஆண்டுகளில் ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்து வை என்பது அவர் சொன்ன வழி. இதே கதை திருக்குர்ஆனில் யூசுப் நபியின் வரலாறாக வருகிறது. அங்கே இன்னொரு நுட்பமும் சேர்ந்திருக்கிறது: உடனே உண்பதற்கு வேண்டிய சிறிதளவு போக, மற்றதைக் கதிரோடு வைக்கும்படி அவர் சொல்கிறார். உமியும் கதிருமாக நிற்கும் தானியம் நெடுநாள் கெடாது என்பதை நம் உழவரும் அறிவர். விதைக்கான சோளக்கதிரையும் கம்பங்கதிரையும் அடிக்காமல் அடுப்பங்கரை உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டவர்கள் அவர்கள்.

தமிழிலோ பௌத்தக் காப்பியமான மணிமேகலை, அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபியைப் பற்றிப் பேசுகிறது. அந்தப் பாத்திரத்தின் பயன் பசித்தவர்க்கு இடுவது ஒன்றே. சிறைச்சாலையை அறச்சாலையாக மாற்றியதே மணிமேகலை செய்த பெரும் புரட்சி. பஞ்சாபில் குரு நானக் தோற்றுவித்த சீக்கிய நெறி, ‘லங்கர்’ என்னும் பொதுச் சமையற்கூடத்தைத் தன் வழிபாட்டின் பகுதியாகவே வைத்தது. அங்கே மன்னனும் ஆண்டியும் ஒரே வரிசையில் தரையில் அமர்ந்து உண்ண வேண்டும்.

இனி நம் கோயில்களுக்கு வருவோம். திருவரங்கம் கோயிலில் நெல் சேமித்த பெரிய வட்டக் களஞ்சியங்களை இன்றும் காணலாம். பாபநாசத்தை அடுத்த திருப்பாலைத்துறைக் கோயிலில் நாயக்கர் காலத்துச் செங்கல் களஞ்சியம் ஒன்று நிற்கிறது. சுமார் 3000 கலம் நெல் கொள்ளும் என்பார்கள். அது எவ்வளவு நெல்? கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரண்டு கலம் ஒரு மூட்டை என்று கொண்டால் 1500 மூட்டை. எடையில் சுமார் 85 டன். குத்தினால் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 57 டன் அரிசி தேறும். ஆளுக்கு நாளொன்றுக்கு 400 கிராம் வீதம் ஏறக்குறைய 390 பேர் ஓராண்டு முழுவதும் உண்ணலாம். ஒரு சிற்றூரின் உயிரையே அந்தச் செங்கற் சுவர் காத்தது.

கோயில் களஞ்சியம் வெறும் காணிக்கைக் கிடங்கன்று. விளைந்த ஆண்டிலிருந்து விளையாத ஆண்டுக்கு உணவைக் கடத்தும் பாலம் அது. சிறுவன் கேட்ட கேள்விக்கு இது ஒரு பாதி விடை.

ஆனால் மறு பாதியையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். யோசேப்பின் கதையில் நாம் அடிக்கடி மறந்துவிடும் ஒரு பகுதி உண்டு. பஞ்சம் வந்தபோது எகிப்து மக்களுக்குத் தானியம் விலைக்கே கொடுக்கப்பட்டது. பணம் தீர்ந்தது, கால்நடைகளைக் கொடுத்தனர். கால்நடை தீர்ந்தது, நிலத்தையும் தங்களையும் மன்னனுக்கு எழுதிக் கொடுத்தனர். களஞ்சியம் நிறைந்திருந்தால் மட்டும் போதாது, அதன் திறவுகோல் யார் கையில் என்பதும் கேள்வி. நம் நாட்டிலோ, வயலில் நாற்று நட்டு, கதிர் அறுத்து, கோயிலுக்கு நெல் அளந்த பலர் அந்தக் கோயிலின் வாயிலைத் தாண்ட முடியாதவர்களாக இருந்தனர். சென்னை மாகாணத்தில் ஆலய நுழைவுக்குச் சட்டத்தின் துணை கிடைத்தது 1939-இலும் 1947-இலும்தான். அவர்கள் கைபட்ட நெல்லுக்குத் தீட்டில்லை, கைகளுக்குத் தீட்டு!

ஏலாக்குறிச்சியில் ஓர் இத்தாலியர்

கல்லங்குறிச்சி இருக்கும் அதே அரியலூர் மாவட்டத்தில், கொள்ளிடக் கரைப் பக்கம் ஏலாக்குறிச்சி என்றோர் ஊர் இருக்கிறது. அங்குள்ள அடைக்கல அன்னை ஆலயத்தோடு வீரமாமுனிவரின் பெயர் இணைந்திருக்கிறது. 1680-இல் இத்தாலியில் பிறந்த கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி என்னும் பாதிரியாரே தமிழ்நாட்டில் வீரமாமுனிவர் ஆனார். தமிழ் கற்றார், காவி உடுத்தார், புலால் தவிர்த்தார். தேம்பாவணி என்னும் காப்பியத்தையும் சதுரகராதி என்னும் அகராதியையும் இயற்றினார். எகரத்தையும் ஏகாரத்தையும் வடிவிலேயே வேறுபடுத்திய எழுத்துச் சீர்திருத்தமும் அவருடையது என்பர். அப்படியானால் ஏலாக்குறிச்சி என்னும் பெயரின் முதலெழுத்திலேயே அவர் கைவரி இருக்கிறது.

அரியலூரை ஆண்ட மழவராயர்கள் இந்து சமயத்தினர். அவர்கள் இந்தத் தேவாலயத்துக்கு நிலம் அளித்ததை ஊர் மரபு போற்றிச் சொல்கிறது. நாகூரிலோ, தர்காவின் மிக உயர்ந்த மினாராவைக் கட்டுவித்தவர் தஞ்சையை ஆண்ட மராத்திய மன்னர் பிரதாப சிங். அன்றைய நாளில் நிலக்கொடை என்றால் நெல்கொடை என்றே பொருள். அந்த நிலத்தின் விளைச்சலே விளக்கெரிக்கவும் வந்தவர்க்குச் சோறிடவும் பயன்பட்டது. ஒரு சமயத்தார் நிலத்தில் விளைந்த நெல், மற்றொரு சமயத்தார் பசியை ஆற்றியது.

பிற பண்பாட்டைப் புரிந்துகொள்ள விரும்பியவர் முதலில் அதன் சோற்றை உண்டார் என்பது இங்கே நாம் கவனிக்கத்தக்கது. ஆயினும் அக்காலப் பாதிரிமார்களும் சாதி வரிசையை உடைக்கவில்லை. உயர்சாதியார்க்கு ஒரு வகைக் குருமார், தாழ்த்தப்பட்டோர்க்கு வேறு வகைக் குருமார் என்று பிரித்தே பணி செய்தனர். கடல் கடந்து வந்தவர்களாலும் பந்திக்கு நடுவே இருந்த கோட்டைக் கடக்க முடியவில்லை.

சோறு இருந்தும் சாதி போயிற்று

அந்தக் கோடு எத்தனை கொடியது என்பதை 1866 காட்டிற்று. அந்த ஆண்டு ஒரிசாவில் பெரும் பஞ்சம். வெளியிலிருந்து அரிசி கொண்டுவர அரசு காலம் தாழ்த்தியது. பருவமழை தொடங்கிக் கடல் கொந்தளித்ததும் கப்பல்கள் கரைசேர முடியவில்லை. சுமார் 10 இலட்சம் பேர் மாண்டனர்.

உயிர் பிழைக்கக் கஞ்சித் தொட்டிகளை நாடியவர்களுக்கோ வேறொரு தண்டனை காத்திருந்தது. யார் கையால் சமைத்ததென்று தெரியாத சோற்றை, யாரோடோ அமர்ந்து உண்டார்கள் என்று கூறி, ஊர் திரும்பியவர்களை அவர்களுடைய சாதியார் சேர்த்துக்கொள்ளவில்லை. ‘சத்திரத்துச் சோறு தின்றவர்’ என்று பொருள்படும் பெயரே அவர்களுக்கு ஒட்டிக்கொண்டது. அந்தப் பெயரால் அவர்கள் தனிச் சாதியாகவே ஒதுங்கி வாழ நேர்ந்தது. எண்ணிப் பாருங்கள்! சிலர் இந்த அச்சத்தாலேயே கஞ்சித் தொட்டியை நெருங்காமல் இறந்தனர். உணவு கண்ணெதிரே இருந்தும், அதற்கும் வயிற்றுக்கும் நடுவே ஒரு சுவர்.

அடுத்த ஆண்டே, 1867 மே 23-ஆம் நாள், தமிழ்நாட்டில் வடலூரில் ஓர் அடுப்பு மூட்டப்பட்டது. மூட்டியவர் இராமலிங்க வள்ளலார். அவர் நிறுவிய சத்திய தருமச்சாலையில் சாதி கேட்பதில்லை, சமயம் கேட்பதில்லை, ஊர் கேட்பதில்லை. பசி என்பது ஒன்றே நுழைவுச்சீட்டு. புலால் உண்ணாமையை வலியுறுத்தியவர் வள்ளலார். ஆனால் புலால் உண்பவரானாலும் அவர் பசியைத் தீர்ப்பதில் விலக்கு இல்லை என்றார். தம் கொள்கையை ஏற்காதவருக்கும் தம் சாலையில் இலை போட்டார். அந்த அடுப்பு ‘அணையா அடுப்பு’ என்னும் பெயரோடு இன்றும் எரிகிறது.

கொடிய பஞ்சம் அதற்குப் பின்னும் வந்தது. 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை வாட்டிய அந்தப் பஞ்சத்துக்கு வானியற் காரணம் பசிபிக் கடலில் ஏற்பட்ட ‘எல் நினோ’ வெப்பம் என்று இன்றைய ஆய்வாளர் காட்டுகின்றனர். ஆனால் மழை பொய்த்தது பாதிக் காரணமே. சென்னைக் கடற்கரையில் தானிய மூட்டைகள் வந்து இறங்கிக் குவிந்தன. இரயில்கள் அவற்றை ஏற்றிச் சென்றன. வாங்குவதற்கு உழைப்பாளியிடம் காசு இல்லை. வாணிகத்தில் தலையிடுவதில்லை என்று அரசு பிடிவாதம் பிடித்தது. நாட்டை விட்டுத் தானியம் ஏற்றுமதியாவதும் நிற்கவில்லை. நிவாரண வேலையில் நாள் முழுதும் மண் சுமந்தவருக்கு ஒரு பவுண்டு தானியமும் சில்லறையும் கூலி என்று குறைத்தார் சர் ரிச்சர்ட் டெம்பிள். அது உயிர் காக்கப் போதாது என்று சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் எதிர்த்து வாதாடினார். பஞ்சம் ஓய்ந்தபோது ஆங்கில இந்தியாவில் 50 இலட்சத்துக்கு மேற்பட்டோர் மறைந்திருந்தனர்.

1943-இல் வங்கத்திலும் இதுவே நடந்தது. சுமார் 30 இலட்சம் பேர் இறந்தனர். சிறுவனாக அதைக் கண்ணால் கண்ட அமார்த்திய சென், 1981-இல் வெளியிட்ட நூலில் ஓர் உண்மையை நிறுவினார். பஞ்சம் என்பது உணவு இல்லாமை அன்று; உணவைப் பெறும் உரிமை சிலருக்கு இல்லாமற் போவது. வடலூர் அடுப்பு செயலில் காட்டியதைப் பொருளியல் கணக்கில் காட்டினார் எனலாம்.

பந்தியே பள்ளி

சேமிக்கக் கற்றோம், பகிரவும் ஓரளவு கற்றோம். சேர்ந்து உட்காரக் கற்றோமா?

1920-களில் திருநெல்வேலிச் சீமையில் சேரன்மாதேவிக் குருகுலத்தில் இந்தக் கேள்வி வெடித்தது. நாட்டுப்பற்று மிக்க வ.வே.சு. ஐயர் நடத்திய பள்ளி அது. காங்கிரசின் பொதுப்பணமும் அதற்குக் கிடைத்தது. அங்கே பிராமணச் சிறுவர் சிலர்க்கு மட்டும் தனிப்பந்தி போடப்பட்டது. பெரியாரும் வரதராசுலு நாயுடுவும் இதைக் கடுமையாக எதிர்த்தனர். தமிழ்நாட்டு அரசியலின் போக்கையே மாற்றிய பூசல்களில் அது ஒன்று. தாய்நாட்டைப் பற்றிப் பாடம் சொல்லிவிட்டு, இலையில் சோறு போடும்போது மாணவரைப் பிரித்தால், மாணவன் மனத்தில் நிற்கும் பாடம் எது?

இதற்கு மாற்றுப் பாடம் மதிய உணவு. 1920-இல் பிட்டி தியாகராயர் தலைமையில் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு உணவளிக்க முடிவு செய்தது. 1956-இல் காமராசர் ஆட்சியில் திட்டம் மாநிலம் முழுவதும் பரவிற்று. கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகச் சென்று ஆதரவு திரட்டினார். ஊரார் அரிசியும் பருப்பும் காய்கறியும் தந்தனர். 1982 சூலை 1-இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். 2001-இல் உச்ச நீதிமன்றம் நாடெங்கும் பள்ளிகளில் சமைத்த உணவு வழங்க ஆணையிட்டது. 2022-இல் தமிழ்நாட்டில் காலை உணவும் சேர்ந்தது.

இத்திட்டத்தைக் கலோரிக் கணக்கால் மட்டும் அளக்காதீர்கள். முருகனும் மேரியும் முகமதுவும் ஒரே உலையில் வெந்த சோற்றை ஒரே வரிசையில் அமர்ந்து உண்டது நம் நாட்டு வரலாற்றில் சிறிய செய்தியன்று. ஒரிசாவில் சாதியைப் போக்கிய அதே பொதுச்சோறு, இங்கே சாதியை மறக்கச் சொல்லிக் கொடுத்தது.

பாடம் முடிந்துவிட்டதா என்றால் இல்லை. 2004-இல் உச்ச நீதிமன்றம், மதிய உணவுச் சமையலர் நியமனத்தில் தாழ்த்தப்பட்டோர்க்கும் பழங்குடியினர்க்கும் முன்னுரிமை தரச் சொன்னது. ஆனால் 2018-இல் திருப்பூர் மாவட்டத்தில் ஓர் அரசுப் பள்ளியில், சத்துணவு சமைக்க வந்த அம்மையார் பட்டியல் சாதியினர் என்பதற்காகப் பெற்றோர் சிலர் எதிர்ப்புக் காட்டினர். வழக்குப் பதிவாகி, அவர் மீண்டும் அங்கே பணியில் அமர்ந்தார். 1866-இன் சுவரில் சில செங்கற்கள் இன்னும் விழாமல் நிற்கின்றன. அவற்றைப் பெயர்க்கும் வேலை பள்ளிக்கூடத்துக்கே உரியது. பெரியவர்கள் மறந்துபோன பாடத்தைப் பிள்ளைகள் வீட்டுக்கு எடுத்துச் செல்ல வேண்டியிருக்கிறது.

வயிற்றுக்கு ஒன்று, மனத்துக்கு ஒன்று

இரண்டாம் உலகப் போர் முடிந்த 1945-இல் உலக நாடுகள் செய்த இரண்டு செயல்களை இணைத்துப் பாருங்கள். அக்டோபர் 16-இல் ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் பிறந்தது. சரியாக ஒரு மாதம் கழித்து, நவம்பர் 16-இல் யுனெஸ்கோவின் அமைப்புச் சட்டம் கையெழுத்தாயிற்று. முன்னது வயிற்றின் பசிக்கு. பின்னது கல்வி, அறிவியல், பண்பாடு வழியாக மக்கள் ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்கு. வயிறு காய்ந்தால் மனம் இருளும், மனம் இருண்டால் வயிறு காயும் என்பதைப் பெரும் போர் கற்றுத் தந்திருந்தது. உணவு நிறுவனம் பிறந்த அக்டோபர் 16-ஐ 1981 முதல் உலக உணவு நாளாகக் கொண்டாடுகிறோம். திருவரங்கம் கோயிலின் சீரமைப்புப் பணிக்கு 2017-இல் பண்பாட்டு மரபுக் காப்பு விருதை அளித்ததும் அதே யுனெஸ்கோதான்.

நம் நாடும் தன் களஞ்சியத்தைக் கட்டிக்கொண்டது. 1965 சனவரி 14-இல் இந்திய உணவுக் கழகம் தொடங்கியபோது அதன் முதல் மாவட்ட அலுவலகம் அமைந்த இடம் எது தெரியுமா? தஞ்சாவூர்! அப்போது மத்திய உணவு அமைச்சராக இருந்தவர் நம் சி. சுப்பிரமணியம். பசுமைப் புரட்சியில் அவரோடு எம்.எஸ். சுவாமிநாதனும் பெரும் பங்காற்றினார். 2013-இல் உணவுப் பாதுகாப்பு சட்டவழி உரிமையாயிற்று.

இன்னும் பெரிய களஞ்சியம் ஒன்று வடதுருவத்தை அடுத்த சுவால்பார்டு தீவில் இருக்கிறது. நார்வே நாடு மலையைக் குடைந்து 2008-இல் திறந்த விதைக் கிடங்கு அது. பூச்சியத்துக்குக் கீழே 18 பாகை குளிரில் உலகத்துப் பயிர் விதைகள் அங்கே உறங்குகின்றன. ஈரம் குறைந்தால், வெப்பம் குறைந்தால் ஆயுள் இரட்டிக்கும் என்று முன்னே பார்த்த கணக்கின் உச்சம் அதுதான். ஒன்றோடொன்று பேசாத நாடுகளின் விதைப்பெட்டிகளும் அங்கே ஒரே கூரையின் கீழ் அமைதியாக இருக்கின்றன. சிரியாவில் அலெப்போ அருகே இருந்த விதை ஆய்வு நிலையத்தைப் போர் முடக்கியபோது, அந்நிலையத்தார் தாங்கள் வைத்திருந்த விதைகளை 2015-இல் அங்கிருந்து திரும்பப் பெற்றனர். லெபனானிலும் மொராக்கோவிலும் விதைத்துப் பெருக்கி, 2017-இல் மீண்டும் கொண்டுபோய் வைத்தனர். மனிதரின் பகைமைக்கு எதிராக விதைகள் செய்த வழக்காடல் என்று அதைச் சொல்லத் தோன்றுகிறது.

இத்தனையும் இருந்தும், 2024-இல் உலகில் சுமார் 67 கோடிப் பேர் போதிய உணவின்றி இருந்தனர் என்கிறது ஐக்கிய நாடுகள் அமைப்புகளின் அறிக்கை. அதே ஆண்டில் விளைந்த தானியத்தைத் தலைக்குப் பங்கிட்டால் ஒவ்வொருவருக்கும் 340 கிலோவுக்கு மேல் வரும். நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ! அதில் பெரும் பகுதி கால்நடைத் தீவனமாகவும் எரிசாராயமாகவும் போகிறது. எஞ்சியதும் காசு இருக்கும் இடத்துக்கே போகிறது. போர் நடக்கும் இடங்களில் உணவு வண்டி வேலிக்கு அப்பால் நிற்கிறது. குதிர் நிறைந்திருக்கிறது, சுவர்தான் நடுவே நிற்கிறது.

மீண்டும் கல்லங்குறிச்சிக்கு

புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவிட்டோம். களஞ்சியத்தில் ஓர் உழவர் வரகைக் கொட்டுகிறார். அவர் கொட்டிய வரகு எது, பக்கத்தில் நிற்பவர் கொட்டியது எது என்று இனி எவராலும் பிரித்துச் சொல்ல முடியாது. யார் நிலத்தில் விளைந்தது, யார் கை அறுத்தது என்ற அடையாளமெல்லாம் குவியலில் கரைந்துவிட்டது.

கடவுளுக்கு எதற்குத் தானியம் என்று கேட்ட சிறுவனுக்கு முழு விடை இதுதான்: என்னுடையது என்று சொன்ன தானியம் நம்முடையது ஆவதற்கு ஒரு பொது இடம் வேண்டும். கோயிலோ தேவாலயமோ பள்ளிவாசலோ பள்ளிக்கூடமோ, அது எதுவாக இருந்தால் என்ன? நோன்புக் காலத்தில் பள்ளிவாசலில் காய்ச்சும் கஞ்சியைப் பக்கத்து வீட்டு இந்துப் பிள்ளைகள் தூக்குப்பாத்திரத்தில் வாங்கிப் போவது தமிழ்நாட்டில் எத்தனையோ தெருக்களில் காணும் காட்சி. தேவாலயத் திருவிழா அசனத்திலும், ஆடிக்கூழிலும் இதையே காண்கிறோம்.

ஆசிரியராக இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உலக உணவு நாளன்று மாணவர்களை ஒரு வேலை செய்யச் சொல்லுங்கள். அவரவர் வீட்டில் பாட்டியையோ தாத்தாவையோ கேட்டு மூன்று கேள்விகளுக்கு விடை எழுதி வரட்டும். பஞ்ச காலத்தில் நம் வீட்டில் எதை உண்டோம்? தானியத்தை எப்படிச் சேமித்தோம்? யார் வீட்டில் நாம் உண்ண மறுத்தோம், யார் வீட்டில் நமக்கு மறுக்கப்பட்டது? முதல் கேள்வி வரலாறு கற்பிக்கும், இரண்டாவது அறிவியல் கற்பிக்கும். மூன்றாவதுக்கு விடை எழுதும்போது சில மாணவரின் கை தயங்கும். அந்தத் தயக்கத்தில்தான் கல்வி தொடங்குகிறது.

நெல்லுக்கு ஈரம் ஆகாது. அது காய்ந்திருந்தால்தான் நிற்கும். மனிதருக்கு நேர்மாறு. நெஞ்சில் ஈரம் இருந்தால்தான் குதிரில் உள்ளது எல்லோர் இலைக்கும் வந்து சேரும்.